வேலுக்கு முன் வைத்த மாத்திரை

ஈப்போவில் நான் வேலை பார்க்கும் பார்மசியில், வயிற்றுப்போக்குக்கு மாத்திரை கேட்டு வருகிறவர்களை எங்கள் பார்மசிஸ்ட் லேசில் விடமாட்டாள். காய்ச்சல் இருக்கிறதா, ரத்தம் போகிறதா, எத்தனை நாளாக, வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா, இருதயத்தில் கோளாறு உண்டா என்று ஐந்து கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் வந்த பிறகுதான் கை அலமாரிப் பக்கம் போகும். முப்பது வயதுகூட ஆகாத சீனப் பெண். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிகிற மனிதரிடம் இத்தனை விசாரணையா என்று எனக்கு எரிச்சலாக வரும். நான் பக்கத்தில் கல்லாவில் நிற்பவள். ஏழு வருடமாகக் கேட்டுக் கேட்டு அந்த ஐந்து கேள்வியும் எனக்கு மனப்பாடம். அதற்குப் பிறகு அவள் சொல்வதும் மனப்பாடம். முதலில் இரண்டு, பிறகு ஒவ்வொரு முறை போனதற்கும் ஒன்று, ஒரு நாளைக்கு நான்கைத் தாண்டக் கூடாது, நின்றுவிட்டால் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும், உப்புக் கரைசலை விடாமல் குடிக்க வேண்டும்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று யாரும் எனக்காகப் பேச வேண்டாம். எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

நாலு வருடத்துக்கு முன்னால் என் மார்பில் ஒரு கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லாமல் போய் முருகனிடம் பேசிவிட்டு வந்துவிட்டார். கட்டி கெட்டதாக இல்லாவிட்டால் மூன்று தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன், ஒரு வருடமும் தவறாமல். முடிவு நல்லபடியாக வந்தது. வருடத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுத்தால் போதும் என்றார்கள். முதல் வருடம் காவடி எடுத்தார், ஸ்கேன் சுத்தம். இரண்டாம் வருடம் எடுத்தார், ஸ்கேன் சுத்தம். மூன்றாவது வருடம்தான் போன தைப்பூசம்.

நான் பெரிய பக்தை என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனாலும் இரண்டு முறை சரியாக வந்த கணக்கை மூன்றாம் முறை கெடுத்துப் பார்க்க எந்தப் பெண்ணுக்குத் துணிச்சல் வரும்? குளிக்கும்போது கை தானாக அந்தத் தழும்புக்குப் போகும். காவடி மட்டும் நல்லபடியாக முடியட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் சுங்காய் பக்கத்தில் ஒரு கித்தா தோட்டத்தில் பிறந்தவர். ரப்பர் மரத்தை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள், குடியிருந்த லயத்தையும் இடித்துவிட்டார்கள். ஆட்கள் ஈப்போ, கோப்பெங், செமோர் என்று எங்கெங்கோ போய்விட்டார்கள். இவர் செமோரில் தரை ஓட்டுத் தொழிற்சாலையில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறார். ஆனால் அந்தத் தோட்டத்துக் காவடிக் கூட்டம் மட்டும் கலையவில்லை. அதற்குத் தலைவர் அவருடைய அண்ணன், எனக்கு மூத்தார். கோப்பெங்கில் இருக்கிறார். வருடம் முழுக்க லாரி ஓட்டுகிற மனிதர், தை மாதம் வந்தால் மந்திரி மாதிரி ஆகிவிடுவார். காவடி எடுப்பவர்கள் விரதம் முழுக்க அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

அந்தக் கூட்டத்துக்கென்று தனிச் சட்டம் உண்டு. வேறு எந்தக் கூட்டத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை. நாற்பத்தெட்டு நாள் சைவம் என்பது எல்லாருக்கும் உள்ளது. இவர்களுக்குக் கடைசி மூன்று நாள் உப்பு கிடையாது, காவடியை இறக்கிய பிறகுதான் உப்பைத் தொடலாம். பால், பழம், உப்பில்லாத சோறு, அவ்வளவுதான். அந்த மூன்று நாளும் கழிவறைக்குப் போய் வந்தால் தலைமுழுக்கு. புது மருந்து எதுவும் வாயில் படக்கூடாது, வேலுக்கு முன்னால் வைத்து எடுத்தது தவிர. என் வீட்டுக்காரர் தினமும் காலையில் போடுகிற பிரஷர் மாத்திரைக்கு மட்டும் விலக்கு. அது பழைய மருந்தாம்.

உப்பில்லா விரதத்தின் முதல் நாள் காலையிலேயே அவருக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. முந்தின நாள் பஜனையில் வெட்டி வைத்த பப்பாளியா, பாலா, எனக்குத் தெரியாது. மதியத்துக்குள் ஏழு முறை போய்விட்டார். ஏழு முறையும் தலைமுழுக்கு. ஈரத் துண்டோடு நாற்காலியில் வந்து உட்கார்ந்தவரின் உதடு வெளுத்திருந்தது. நான் வீட்டில் எப்போதும் வைத்திருக்கும் உப்புக் கரைசல் பாக்கெட்டை எடுத்துவந்து தண்ணீரில் கொட்டப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னா அது?"

"வயித்தால போனா குடிக்கிறதுலா. ஒடம்புல தண்ணி நிக்கணும்ல. குடிங்க."

"உப்பு இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லு."

"கொஞ்சம் இருக்கும். மருந்து உப்பு அது."

"மருந்து உப்பு, சமையல் உப்புன்னு முருகனுக்கு நான் வெளக்கிக்கிட்டு இருக்கவா? வேணாம். மூணே நாளு, தாங்கிக்குவேன்."

எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் தாங்குவீர்கள், உங்கள் உடம்பு தாங்குமா என்று கத்தியிருக்க வேண்டும். மற்ற நாளாக இருந்தால் கத்தியிருப்பேன், அதில் எனக்குக் குறையே கிடையாது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். கத்தி, அவர் குடித்து, விரதம் முறிந்து, காவடி நின்றுபோனால்? அந்த நினைப்பு வந்ததும் பாக்கெட்டைத் திரும்ப டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டேன். அந்த டப்பா மூடிய சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

மதிய ஷிப்டுக்குப் போனதும் பார்மசிஸ்டிடம் ஓர் அட்டை மாத்திரை கேட்டேன். யாருக்கு என்றாள். வீட்டுக்காரருக்கு என்றேன். ஏழு வருடம் கூட வேலை செய்கிறவள் என்றும் பார்க்காமல் ஐந்து கேள்வியையும் கேட்டாள். காய்ச்சல் இல்லை. ரத்தம் இல்லை. இன்றைக்குத்தான் ஆரம்பம். அது மூன்றும் உண்மை. வேறு மருந்து?

"இல்லை, மிஸ்."

"பிரஷர், இருதயம், ஒன்றும் இல்லை?"

"ஒன்றும் இல்லை."

பிரஷர் மாத்திரை என்று சொன்னால் இன்னும் பத்துக் கேள்வி வரும். எந்த மாத்திரை, நீர் பிரிக்கிற வகையா, அட்டையைக் காட்டு, உப்புக் கரைசல் குடிக்கிறாரா என்று கேட்பாள். குடிக்கமாட்டேன் என்கிறார் என்று சொன்னால் டாக்டரிடம் போகச் சொல்லுவாள். டாக்டரிடம் போனால் காவடி நடக்காது. அதனால் இல்லை என்றேன். அவள் பதிவேட்டில் எழுதிவிட்டு, பத்து மாத்திரை அடங்கிய அட்டையை என் கையில் வைத்து, ஒரு நாளைக்கு நான்குதான் என்று எனக்கே பாடம் சொன்னாள்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நீட்டினேன். எதிர்பார்த்தபடியே வேண்டாம் என்றார். அப்புறம் நான் செய்ததை என்னவென்று சொல்வது? இரண்டு மாத்திரையைக் கரண்டியின் முதுகால் பொடித்து, பாலில் போட்டு, தேன் ஊற்றிக் கலக்கிக் கொடுத்தேன். முகத்தைச் சுளிக்காமல் குடித்தார். தேன் ஜாஸ்தி என்றார். சாயந்திரம் இன்னொன்று. காவடிக்குப் போகிற மனிதனுக்குத் தெரியாமல் புது மருந்து கொடுக்கிறோமே என்று உறுத்தத்தான் செய்தது. முருகனுக்கு என் நிலைமை புரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உப்பு விஷயத்தில் புரியாதவர் மாத்திரை விஷயத்தில் மட்டும் எப்படிப் புரிந்துகொள்வார் என்று யோசிக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி கோப்பெங்கில் மூத்தார் வீட்டில் பஜனைக்குப் போய்விட்டு வந்தார். முகத்தில் தெம்பு தெரிந்தது. நின்னுருச்சு புள்ள என்றார். என் மாத்திரை வேலை செய்துவிட்டது என்று உள்ளுக்குள் எனக்குப் பெருமை. பெருமைதான் பட்டேன், வெட்கமில்லாமல்.

நின்றுவிட்டால் நிறுத்திவிட வேண்டும். அது எனக்கு மனப்பாடமான வாசகம். இருந்தாலும் தைப்பூசத்துக்கு முன்னால் இன்னும் இரண்டு முழு நாள் இருந்தது. ஊர்வலத்தில் தோளில் காவடியோடு நாலு மணி நேரம் வெயிலில் நடக்கிறவருக்கு நடுவழியில் மறுபடி ஆரம்பித்தால்? கட்டியது கட்டியபடி இருக்கட்டும் என்று இரண்டாம் நாளும் பாலில் நான்கு மாத்திரை. ஒரு நாளைக்கு நான்கு என்ற எல்லையைத் தாண்டவில்லை. அதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவர் வயிற்றைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வயிறு உப்பியிருந்தது. தொட்டுப் பார்த்தேன், தோல் இழுத்துக் கட்டியது போல் விறைப்பாக இருந்தது, உடம்பும் சுட்டது. காய்ச்சல் வந்தால் இந்த மாத்திரை ஆகாது. அதுவும் மனப்பாடம்.

"நெஞ்சு என்னமோ தவ்வுது," என்றார். "ஒரு தடவ நின்னு, மறுபடி ஓடுற மாதிரி இருக்கு."

"பசி அது," என்றேன்.

எனக்குத் தெரியும், பசியில் நெஞ்சு அப்படித் தவ்வாது. அந்த மத்தியானத்திலிருந்து அவர் பின்னாலேயே நடந்தேன். அவர் உட்கார்ந்தால் எதிரில் உட்கார்ந்தேன். மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வரும். உடனே கை தழும்பைத் தேடும். வார்த்தை திரும்ப உள்ளே போய்விடும். எதற்கு அதிகமாகப் பயந்தேன் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் அவர் உடம்புக்கு என்று சொல்லியிருப்பேன். அது பொய்.

மூன்றாம் நாள், தைப்பூசத்துக்கு முதல் நாள், பாலில் இன்னும் மூன்றைக் கலந்து அட்டையைக் காலி செய்தேன். பதினோரு மணிக்கு மூத்தார் தன் காடியை ஓட்டிக்கொண்டு வந்தார். காவடி கட்டத் தம்பியை அழைத்துப் போக வேண்டும். வேட்டி, மஞ்சள் துண்டு, இடுப்பில் ஒரு துணிப் பை. வாசலில் தம்பியோடு தணிந்த குரலில் ஏதோ பேசினார், பிறகு இவர் குளிக்கப் போனார். "தம்பி ரெடியா?" என்று அவர் வாசலில் குரல் கொடுத்த அதே நேரத்தில் குளியலறைக்குள் வாளி உருண்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

கதவைத் தாழ் போடாமல் இருந்தது எங்கள் நல்ல காலம். உள்ளே அவர் சுவரோரமாகச் சரிந்து கிடந்தார். கண் பாதி திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர்க் குழாய் அவர் கால்மேல் ஓடிக்கொண்டே இருந்தது. நான் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் பெயரைச் சொன்னேன். மூத்தார் அவர் கன்னத்தில் தட்டினார். கொஞ்ச நேரத்தில் ஒரு முனகல் வந்தது.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் காடியிலேயே ஏற்றினோம். பின் இருக்கையில் அவர் தலை என் மடியில். ஈப்போவுக்குள் தைப்பூசத்துக்காகப் பாதி ரோட்டை அடைத்திருந்தார்கள். தண்ணீர்ப் பந்தலுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள், ஒலிபெருக்கியில் முருகன் பாட்டு. மூத்தார் வளைத்து வளைத்து ஓட்டினார். மடியில் கிடந்தவரின் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணப் பார்த்தேன். மூன்று அடிக்கும், ஒன்று விடும். அடுத்தது வருமா, வராதா என்று ஒவ்வொரு தடவையும் காத்திருந்தேன்.

அவசரப் பிரிவில் உடனே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டி ஒரு பெட்டியோடு இணைத்தார்கள், விரலில் எதையோ மாட்டினார்கள். வாந்தி வருகிறது என்றார், வந்தது. டாக்டர் ஒரு மலாய்ப் பெண், சின்ன வயது. பெட்டியிலிருந்து வந்த காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். முகம் மாறியது. எங்களிடம் வந்து மலாயில் நிதானமாகப் பேசினாள்.

இவருடைய இருதயக் கோடு சரியாக இல்லை, ஒவ்வொரு துடிப்பும் அடங்குவதற்கு அதிக நேரம் எடுக்கிறது என்றாள். உடம்பில் உப்புச் சத்து குறைந்தாலும் இப்படி ஆகும், சில மருந்தாலும் ஆகும். வாந்திக்கு ஊசி போட வேண்டும், ஆனால் சில ஊசி இதை இன்னும் கெடுத்துவிடும். அதனால் கேட்கிறேன், இந்த மூன்று நாளில் அவர் என்னென்ன மருந்து சாப்பிட்டார்?

மூத்தார் என் பக்கத்தில் நின்றார். வேட்டியும் விபூதியுமாக, கூட்டத்தின் தலைவர். விரதக்காரனுக்குத் தெரியாமல் மருந்து கலந்து கொடுத்தவள் என்று அவர் முன்னால் எப்படிச் சொல்வேன்?

"பிரஷர் மாத்திரை மட்டும்தான் டாக்டர்," என்றேன்.

டாக்டர் மூத்தாரைப் பார்த்தாள். அவரும் தலையாட்டினார். "அது மட்டும்தான்," என்றார்.

டாக்டர் எழுதிக்கொண்டு திரும்பினாள். நர்ஸ் மிஸி ஊசி மருந்துத் தட்டை எடுத்தாள். அப்போது பெட்டி அலற ஆரம்பித்தது. திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு கோணல்மாணலாகக் கிறுக்கியது. அவர் கண் மேலே செருகிக்கொண்டது. நாலு பேர் ஓடிவந்தார்கள், ஒருத்தி என்னைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம்தான் இருக்கும். கோடு தானாகவே திரும்ப ஒழுங்குக்கு வந்தது, அவர் இருமினார். டாக்டர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே மிஸியிடம் மருந்துப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இனி அவள் எதைக் கொடுத்தாலும் என் பொய்யை நம்பித்தான் கொடுப்பாள். அப்போதுதான் அது எனக்கு உறைத்தது.

"டாக்டர், நான் பொய் சொன்னேன்," என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை. "வயிற்றுப்போக்கு மாத்திரை கொடுத்தேன். லோபெரமைட். அவருக்குத் தெரியாமல் பாலில் போட்டுக் கொடுத்தேன். மூன்று நாளில் பத்து."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "பத்துதானா? நிச்சயமாக?" என்று மட்டும் கேட்டாள். அவள் முகத்தில் ஒரு குழப்பம். இந்தக் கோட்டுக்குப் பத்து போதாது என்று நினைத்திருப்பாள்.

நான் மூத்தாரைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கன்னத்தில் அறைவார் என்றுகூட நினைத்தேன். அவர் இடுப்புப் பையின் கயிற்றை அவிழ்த்தார். உள்ளே விபூதிப் பொட்டலம், கற்பூரம், ஒரு எலுமிச்சம்பழம். அதற்கடியிலிருந்து இரண்டு காலி அட்டையை எடுத்து டாக்டரின் மேசைமேல் வைத்தார். எங்கள் கடையில் விற்பதும் அதே பச்சை எழுத்து அட்டைதான்.

"நானும் கொடுத்தேன்," என்றார். பிறகு என்னிடம் தமிழில் சொன்னார். "ஒன்னும் தப்பா நினைச்சிக் கொடுக்கலம்மா. நம்ம கூட்டத்துல வருசா வருசம் கொடுக்கிறதுதான். ரோட்டுல நடக்கையில வயிறு கலக்கிச்சுன்னா காவடிய எறக்க முடியாதுல்ல. வேலுக்கு முன்னால வச்சி, விபூதி போட்டு, பெறகுதான் கொடுப்போம். அது பிரசாதம் மாதிரி. பஜனைல அவன் வயித்தப் புடிச்சிக்கிட்டு இருந்தான். ரெண்டு ரெண்டா போடுடான்னு அட்டையவே கொடுத்தேன். நேத்து காலைல பூசைக்கு வந்தப்பவும் இன்னொரு அட்டை கொடுத்தேன். மாத்திரைதானே, என்னா பண்ணிறப் போகுதுன்னு..."

"எத்தன மாமா?"

"அட்டைக்குப் பத்து. காலி அட்டைய இன்னைக்கு வாசல்ல வாங்கி வச்சிக்கிட்டேன், உன் கண்ணுல படக்கூடாதுன்னு சொன்னான். நீ பார்த்தா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போயிருவியாம்."

முப்பது. பாலில் பத்து, பிரசாதமாக இருபது. உப்பு ஒரு கல்லும் இல்லை. காலையில் நீர் பிரிக்கிற பிரஷர் மாத்திரை வேறு. அதையும் டாக்டர் கேட்டு எழுதிக்கொண்டாள். இந்த மாத்திரை சொன்ன அளவில் நல்ல மருந்துதான், அளவு மீறினால் இருதயத்தில் கை வைத்துவிடும் என்றாள். காய்ச்சலோடு வந்த வயிற்றுப்போக்கை இப்படிக் கட்டி வைத்ததால் குடலும் அசையாமல் நின்று உப்பிவிட்டது என்றாள். பிறகு மிஸியிடம் திரும்பி முதலில் சொன்ன ஊசியை நிறுத்தச் சொன்னாள். மிஸியின் தட்டில் ஊசி தயாராக இருந்தது. அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவதை நான் பார்த்தேன். அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மூத்தாரிடம் கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. படித்த படிப்பென்ன, லாரி ஓட்டுகிற உங்களுக்கு மருந்து கொடுக்க யார் அதிகாரம் தந்தது என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. எந்த வாயால் கேட்பது? அவருக்கு ஐந்து கேள்வியும் தெரியாது. எனக்குத் தெரியும்.

அன்றைக்கும் மறுநாளும் என் வீட்டுக்காரரைத் தீவிரப் பிரிவில் வைத்திருந்தார்கள். தைப்பூசம் வெளியே நடந்தது. ஊர்வலம் எந்தப் பக்கம் போகிறது, யார் யார் காவடி எடுக்கிறார்கள் என்று மூத்தாரின் போனுக்குப் படம் வந்துகொண்டே இருந்தது. அவர் எதையும் திறந்து பார்க்கவில்லை. இருபது வருடமாகக் கூட்டத்துக்கு முன்னால் வேல் பிடித்து நடந்தவர், அந்த வருடம் ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் கீழே போய் எனக்குச் சோறு வாங்கி வந்தார். அவர் சாப்பிடவில்லை. "அந்த அட்டைய இனிமே வேலுக்கு முன்னால வைக்கமாட்டேன்," என்று ஒரு முறை சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

தைப்பூசத்துக்கு மறுநாள் என் வீட்டுக்காரரைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். வயிறு இளகியிருந்தது, திரையில் கோடு ஒழுங்காக ஓடியது. கையில் ஊசி குத்தி, மேலே பை தொங்கியது. கண் விழித்து முதலில் தேதியைத்தான் கேட்டார். சொன்னேன். காவடி போய்விட்டது என்று புரிந்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அழுகிறார் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது.

"மூணாவது வருசம்," என்றார். "முடிச்சிருக்கணும். ஒனக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா நான் என்னா செய்வேன்?"

அப்போது சொன்னேன். பாலில் கலந்ததைச் சொன்னேன், பத்து என்று எண்ணிக்கையோடு சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"தேன் அதனாலயா?"

"ஆமா."

"ஏன்?"

"பயம்."

"எனக்கு ஏதாச்சும் ஆயிரும்னா?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அவர் என்னை மன்னித்திருப்பார். இன்னும் அதிகமாக அன்பு காட்டியிருப்பார். அந்த மூன்று நாளில் சொன்ன பொய்களிலேயே அதுதான் சுலபமான பொய்யாக இருந்திருக்கும்.

"இல்ல," என்றேன். "எனக்கு ஆயிரும்னு. காவடி நின்னா கட்டி திரும்ப வந்துரும்னு பயந்தேன். ஒங்க நெஞ்சு தவ்வுதுன்னு நீங்க சொன்னப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டு வந்திருக்கணும். என் உயிருக்குப் பயந்துதான் வரல."

அடுத்த கட்டிலில் ஒரு சீனத் தாத்தா இருமிக்கொண்டிருந்தார். பிறகு இவர் கை மெதுவாக நகர்ந்து, ஒயரை இழுத்துக்கொண்டு வந்து, என் முழங்கையைத் தொட்டது. பிடிக்கவில்லை, தொட்டது.

"இது என்னா?" என்று மேலே தொங்கிய பையைக் கண்ணால் காட்டினார்.

குளுக்கோஸ் என்று சொல்லலாம். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது, எழுத்தும் சின்னது.

"உப்புத் தண்ணி," என்றேன்.

"மூணு நாளும் இதுதான் ஏறுதா?"

"ஆமா. அதுலதான் ஒங்க நெஞ்சு ஒழுங்குக்கு வந்துச்சு."

அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். ஊசியைப் பிடுங்கிவிடுவாரோ என்று அவர் கையையே பார்த்தேன். பிடுங்கவில்லை. மிஸி தள்ளுவண்டியில் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள், இன்றைக்குத்தான் முதல் சாப்பாடு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்றாள். நான் கரண்டியில் எடுத்து ஆற்றினேன்.

"அதுல?" என்றார்.

வாயில் வைத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கஞ்சி, உப்பு லேசாகத்தான் இருந்தது, ஆனால் இருந்தது. அடுத்த மாதம் எனக்கு ஸ்கேன். தேதி குறித்த அட்டை அப்போது என் கைப்பைக்குள்தான் இருந்தது. பயம் ஒரு துளியும் குறையவில்லை.

"உப்பு போட்டிருக்கு," என்றேன். "எனக்கு ஆகுறது ஆவட்டும். வாயத் தெறங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.